ஏழு பேர்ச்சஸ் காணியில் ஆறு கோழிகள்

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் காம்பராவில் கோழி இருந்தது; ஆனால் முட்டை இருந்ததாக நினைவில்லை. அம்மா வளர்த்த மூன்று கோழிகள் இட்ட முட்டைகள் யாவும் தோட்டத்துக் கடைக்குப் போய், அங்கிருந்து மண்ணெண்ணெயாகவும் உப்பாகவும் நெத்தலிக் கருவாடாகவும் திரும்பி வந்தன. காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கும் பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் மட்டுமே வீட்டில் முட்டை அவிந்தது. இரவானதும் அந்தக் கோழிகளை அடுப்படி மூலைக்கு ஓட்டி, அடி கிழிந்த ஒரு பழைய கொழுந்துக் கூடையால் கவிழ்த்து மூடுவார். விடியற்காலையில் பிரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) ஓடுவதற்கு முன் கூடையைத் தூக்கி வெளியே விடுவார். என் சட்டையில் கோழி வாடை அடிப்பதாகப் பாடசாலையில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்ட நாளில், வளர்ந்து பெரியவளானால் கோழி மட்டும் வளர்ப்பதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

அந்த முடிவு 2022ஆம் ஆண்டு வரை நிலைத்தது. நாங்கள் அப்போது லயத்தை விட்டு, நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட ஒரு சரிவில் கட்டப்பட்ட தனி வீட்டுக்கு வந்திருந்தோம். காணி ஏழு பேர்ச்சஸ். கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும், கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 177 சதுர மீற்றர்தான். அதில் வீடு, கழிப்பறை, படிக்கட்டு, மண் சரியாமல் கட்டிய கல் அணை ஆகியவை போக, கோடிப்புறத்தில் எஞ்சியது இரண்டு பாத்தியும் ஒரு மூலையும். அந்த ஆண்டில் எரிவாயு கிடைக்கவில்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, கோதுமை மாவின் விலை கேட்கவே பயம். அதற்கு முந்தைய ஆண்டு இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையால் மரக்கறித் தோட்டக்காரர்கள் கோழி எரு தேடி அலைந்த காலமும் அதுதான். முட்டைத் தட்டுப்பாடு எந்த அளவுக்குப் போனதென்றால், 2023இல் இந்தியாவிலிருந்து முட்டையை இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. தோட்டப் பாடசாலை ஆசிரியையின் சம்பளத்தில் மாதத்தின் மூன்றாவது வாரத்தை எப்படித் தாண்டுவது என்று நான் கொப்பியில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது, அம்மா இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்தபடி, "அந்த மூலை சும்மாதானே கெடக்கு, நாலு கோழிய விடு" என்றார்.

அவர் சொன்ன மூலையில்தான் என் முதல் தவறும் நடந்தது. கூடு கட்டுவதற்குப் புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்று முடிவு செய்து, கூரை மாற்றிய ஒரு லயத்தின் பழைய தகரம் நான்கு, பட்டணத்துக் கடையொன்று வெளியே வீசியிருந்த மரத்தட்டுகள், உடைந்த யன்னல் நிலை ஒன்று ஆகியவற்றைச் சேர்த்தேன். (பழைய கூரைத் தகடு எடுப்பவர்களுக்கு இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தகரமாக இருந்தால் எடுங்கள். அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் அதை அறுக்கவோ துளையிடவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடங்கள் கழித்து வேலையைக் காட்டும். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைத் தொட வேண்டாம்.) கூடு ஒரே சனி, ஞாயிறில் எழுந்து நின்றது. கோழிகளுக்குக் குளிருமே என்ற அக்கறையில், யூன் மழை தொடங்கியதும் நான்கு பக்கத்தையும் பொலித்தீனால் இறுகச் சுற்றிக் கட்டினேன். கைக்குழந்தைக்குப் போர்த்துவது போலப் போர்த்திவிட்டு, மனத்திருப்தியோடு உள்ளே வந்து படுத்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் கதவைத் திறந்தபோது என் கண்கள் எரிந்து நீர் வழிந்தது. பொலித்தீனின் உட்புறத்தில் வியர்வை போல் நீர்த்துளிகள் கோத்திருந்தன. தரையில் போட்டிருந்த மரத்தூள் பிசைந்த மா போல் ஈரமாகக் கிடந்தது. கோழிகள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூடி மூச்சு விட்டன. ஒன்றைத் தூக்கிக் காதருகே வைத்தபோது நெஞ்சுக்குள் கொதிக்கும் பானையின் மூடி அதிர்வது போல் ஒரு சத்தம் கேட்டது. அந்த வாரத்தில் இரண்டு கோழிகள் இறந்தன. குளிருக்குப் பயந்து நான் அடைத்தது காற்றை. உள்ளே சேர்ந்தது எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா வாயு. இறகு காய்ந்திருக்கும்வரை நுவரெலியாவின் குளிரைக் கோழி தாங்கிக்கொள்ளும். ஈரத்தையும், உடம்பில் நேராகப் படும் வாடைக் காற்றையும், மூச்சடைக்கும் கூட்டையும்தான் அதனால் தாங்க முடியாது. அம்மாவின் கொழுந்துக் கூடை மூங்கில் பின்னல் என்பதும், அதன் ஒவ்வொரு கண்ணிலும் காற்று புகுந்து வந்தது என்பதும் எனக்கு அன்றுதான் உறைத்தது.

பொலித்தீனைக் கிழித்தெறிந்துவிட்டு, கூட்டைத் திருத்திக் கட்டினேன். மழை அடிக்கும் தென்மேற்குப் பக்கத்தை மட்டும் தகரத்தால் முழுவதுமாக மூடினேன். மற்றப் பக்கங்களில் கோழி உறங்கும் கம்பின் உயரம் வரை பலகை; அதற்கு மேலே, கூரையின் அடியில் ஒரு சாண் அகலத்துக்கு வலையடித்த திறப்பு. சூடான ஈரக்காற்று மேலே போய் வெளியேறும், கோழியின் முதுகில் காற்று படாது. கூரையின் தாழ்வாரத்தை இரண்டு அடி நீட்டினேன். தரையில் காய்ந்த மானாப்புல்லையும் தச்சுக்கடை மரத்தூளையும் கலந்து நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பி, இரண்டு நாளைக்கு ஒருமுறை முள்ளுக்கரண்டியால் கிளறுகிறேன். எங்கள் பக்கத்தில் உமி கிடைப்பது அரிது, வயல் எல்லாம் கீழ்நாட்டில். மருந்தடித்த மரத்தின் தூளும் வேண்டாம். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டு விரித்தால் அது உதிர வேண்டும்; கட்டியாக நின்றால் கூடு ஈரமாகிவிட்டது என்று பொருள். இந்த ஒரு சோதனையை நான் கற்றுக்கொள்ள இரண்டு கோழிகளை விலையாகக் கொடுத்திருக்கிறேன்.

கோழி வாங்கிய கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். முட்டையிடும் பருவத்துக்கு ஆறு வாரம் இருப்பதாகச் சொல்லி ஒருவர் பத்துக் குஞ்சுகளைத் தந்தார். இரண்டு மாதத்தில் நான்கு கூவத் தொடங்கின. நான்கும் ஒரே நேரத்தில், விடியற்காலை நாலரைக்கு, தனி வீடுகள் நெருங்கி நிற்கும் சரிவில் கூவினால் அயலவர் முகம் எப்படி இருக்கும் என்பதை எழுதத் தேவையில்லை. கழுத்துக்கும் முதுகுக்கும் இடையே தொங்கும் இறகின் நுனி கூர்மையாக இருந்தால் சேவல், உருண்டையாக இருந்தால் பேடு. மூன்று மாதம் தாண்டிய குஞ்சில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். பார்த்து வாங்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று சேவல்களை விற்றுவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டேன். மேலேயுள்ள காட்டுத் துண்டின் ஓரத்திலிருந்து, நடுவில் மஞ்சள் தீட்டிய கொண்டையோடு ஒரு காட்டுச் சேவல் சில காலைகளில் பதில் குரல் கொடுக்கிறது. நாட்டின் தேசியப் பறவை அடுப்படி யன்னலுக்கு நேரே வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே ரொட்டி தட்டுவது எங்களுக்கு வாய்த்த ஒரு சுகம்.

தடுப்பூசியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நாலைந்து கோழி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது அதைத்தான். ராணிக்கெட் நோய் வந்தால், கழுத்து முறுக்கி, பச்சையாகக் கழிந்து, ஒரு லயத்துக் கோழிகள் முழுவதும் சில நாட்களில் போய்விடும். சிறு வயதில் அதை நான் பார்த்திருக்கிறேன். "கோழிக்கு சீக்கு வந்துருச்சு" என்று சொல்லி, எஞ்சியவற்றை அறுத்துக் குழம்பு வைப்பார்கள். அந்த நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. சிக்கல் என்னவென்றால், ஒரு குப்பித் தடுப்பூசி நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ போதுமானது. அதைக் குளிரிலேயே கொண்டுவர வேண்டும். கரைத்த பின் ஓரிரு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆறு கோழிக்காக ஒரு குப்பியை உடைக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே எங்கள் வரிசையில் கோழி வைத்திருக்கும் வீடுகளைக் கொப்பியில் எழுதினேன். பதினொரு வீடுகளில் எண்பத்து மூன்று கோழிகள் இருந்தன. அரச மிருக வைத்திய அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்து, ஐஸ் கட்டி போட்ட சுடுதண்ணீர்ப் போத்தலில் மருந்தைக் கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு வீடாகப் போய்க் கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டோம். (சூடு காக்கும் போத்தல் குளிரையும் காக்கும் என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்று நேரில் காட்ட முடிந்தது.) இப்போது மிருக வைத்தியர் குறித்துத் தரும் நாட்களில் அதைத் தவறாமல் செய்கிறோம்.

தீனிக் கணக்கு எல்லோரும் ஆவலோடு கேட்கும் கணக்கு. முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீனி தின்னும்; ஆறு கோழிகளுக்கு மாதம் ஏறத்தாழ 20 கிலோ. நல்ல மாதத்தில் நாளுக்கு நான்கு முட்டை கிடைத்தால், ஒரு முட்டைக்குப் பின்னால் 165 கிராம் தீனி இருக்கிறது. முழுவதையும் கடைத் தீனியாகவே போட்டால், கடை முட்டைக்கும் வீட்டு முட்டைக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இராது. இறகு உதிரும் மாதங்களில் நட்டமே வரும். கோழி வளர்த்தால் காசு மிச்சம் என்று யாராவது சொன்னால், அவர் கொப்பி எழுதவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். எங்கள் வீட்டில் கணக்கு நேராவதற்குக் காரணம், தீனியில் மூன்றில் ஒரு பங்கு வேறு வழிகளில் வருவதுதான். மீந்த சோறு, தேங்காய்ப்பூச் சக்கை, கரட் தலை, லீக்ஸ் தாள், பாத்தியில் பிடுங்கிய களை, எருக்குழியைப் புரட்டும்போது வரும் மண்புழு ஆகியவை தினமும் போகின்றன. சந்தையில் மரக்கறிக் கடைக்காரர்கள் உரித்துப் போடும் கோவா இலையையும் ஒரு சாக்கில் எடுத்து வருவேன். அந்த வெளி இலைகளில்தான் மருந்து அதிகம் என்பதால், மேலே உள்ள இரண்டு அடுக்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தைப் பைப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிய பிறகே போடுகிறேன்.

போடக்கூடாதவையும் உண்டு. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கும் அதன் தோலும், பட்டர்புரூட்டின் (அவகாடோவின்) தோலும் கொட்டையும், அவிக்காத போஞ்சி விதையும் கோழிக்கு நஞ்சு. கருவாட்டுத் தலையில் உப்பு அதிகம். வடித்த தேயிலைச் சக்கையைக் கோழிக்குப் போடாமல் எருக்குழிக்குப் போடுகிறேன். முட்டை ஓட்டை மட்டும் வீசுவதே இல்லை, ஏனெனில் ஒரு ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கிறது. அதைக் கோழி எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். அடுப்பின் ஓரத்தில் ஓடுகளைக் காய வைத்து, அம்மியில் பொடியாக்கி ஒரு சிரட்டையில் தனியாக வைப்பேன். முழு ஓடாகப் போட்டால் கோழி அதை அடையாளம் கண்டுகொண்டு, தான் இட்ட முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும். பழகினால் அந்தக் கோழியைத் திருத்துவது கடினம்.

முட்டை குறையும் காலம் பற்றி எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. முட்டைப் பண்ணைகளில் நாளுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் வெளிச்சம் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. ஆனால் யூன், யூலை மாதங்களில் மூடுபனி இறங்கி, காலை பத்து மணிக்கும் அந்தி போல் இருண்டு கிடக்கும் எங்கள் சரிவில் முட்டை பாதியாகக் குறைகிறது. மின்விளக்குப் போடலாம் என்று பலர் சொன்னார்கள். நான் போடவில்லை. ஊர்க்கோழி ஓய்வெடுக்கும் இரண்டு மாதத்தில் என் பாத்திக்கு எரு கிடைக்கிறது, அது போதும். அந்த எருவையும் நேராகப் பாத்தியில் கொட்டினால் செடி கருகிவிடும். மரத்தூளும் புல்லுமாகக் குவித்து, குறைந்தது மூன்று மாதம் மக்கவிட்ட பிறகே போட வேண்டும்.

இனி அடுப்படிக்கு வருகிறேன். வீட்டு முட்டை கையில் வந்த புதிதில் என்னை அவமானப்படுத்தியது அவித்த முட்டைதான். காலையில் இட்டதை மாலையில் அவித்தால், தோலோடு பாதி வெள்ளையும் பிய்ந்து வந்து, முட்டை நிலவின் முகம் போல் குழிகளோடு நின்றது. குறை முட்டையில் இல்லை. புதிய முட்டையின் வெள்ளைக்கரு ஓட்டின் உட்தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் பத்து நாள் கழித்து, உள்ளிருக்கும் கரியமில வாயு மெல்ல வெளியேறிய பிறகே அது சுலபமாக உரியும். ஆகவே முட்டையில் இட்ட தேதியைப் பென்சிலால் எழுதுகிறேன்: இன்றையது பொரியலுக்கும் ஆப்பத்துக்கும், போன வாரத்தையது அவித்துக் குழம்புக்கு. முட்டையைக் கழுவி வைப்பதும் இல்லை. ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. கழுவினால் அது போய்விடும். அழுக்கானதை மட்டும் சமைக்கும் நேரத்தில் கழுவினால் போதும். நாங்கள் இருக்கும் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால், கொழும்பில் ஒன்பது நிமிடத்தில் அவியும் முட்டைக்கு இங்கே இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வேண்டும்.

அதே காரணத்தால்தான் மலைநாட்டில் கடலையும் பயறும் வேக மறுக்கின்றன. விறகும் எரிவாயுவும் அதிகம் போகின்றன. இதற்கு எனக்குக் கிடைத்த தீர்வு ஒரு முட்டாள்தனத்திலிருந்து பிறந்தது. நுவரெலியா பேல் பஜாரில் குளிர் உடுப்புகள் மலிவாகக் கிடைக்கும் என்பது எல்லோரும் அறிந்தது. அங்கே ஒரு நாள், கருநீல நிறத்தில், முழுக் கம்பளியில் ஒரு நீளக் கோட் என் கையில் அகப்பட்டது. பழைய உடுப்பு வாங்குவதற்கு எனக்கென்று சில விதிகள் உண்டு: வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துணி எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது, அக்குளையும் கழுத்துப்பட்டியையும் முகர்வது, சிப்பை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பது, தையலை உள்ளே திருப்பி இரண்டு விரலால் பிரித்து இழுப்பது, பொத்தான் ஒன்று குறைந்தால் விலை பேசுவது. அத்தனை சோதனையிலும் தேறிய கோட் அது. வீட்டுக்கு வந்து, பிறர் உடுத்தியதாயிற்றே என்று கொதிநீரில் சவர்க்காரத் தூளோடு ஊறவைத்து, கல்லில் அடித்துத் துவைத்தேன். காய்ந்தபோது அது என் எட்டு வயது மகளுக்கும் பற்றாத அளவுக்குச் சுருங்கி, அட்டை போல் தடித்து நின்றது. கம்பளியைச் சூட்டிலும் அடியிலும் துவைத்தால் அதன் இழைகள் ஒன்றையொன்று பிடித்து இறுகிவிடும். குளிர்ந்த நீரில், பிழியாமல் அலசி, படுக்கை வாக்கில் காய வைக்க வேண்டும். இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மகள் அழுது முடித்த பிறகு அம்மா அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்து, "கம்பிளி கெட்டியா ஆயிருச்சு. சட்டிக்குப் போத்தலாம்" என்றார். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டின் இரண்டாவது அடுப்பு. முதல் நாள் இரவு ஊறவைத்த கடலையை, காலையில் மிலாறு (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளை) எரியும் அடுப்பில் இருபது நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து, மூடியைத் திறக்காமல் அப்படியே இறக்கி, கோட்டால் சுற்றி, உலர்ந்த புல் திணித்த மரப்பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போகிறேன். மதியம் வரும்போது கடலை விரலில் நசுங்கும் பதத்தில் இருக்கும். மறுபடி ஒரு கொதி கொதிக்கவைத்துத் தாளித்தால் முடிந்தது. கவ்வாத்து வெட்டும் பருவம் முடிந்து மிலாறு குறையும் மாதங்களில் இது பெரிய உதவி. சட்டி நிறையச் சமைத்தால்தான் சூடு நிற்கும்; கால் சட்டி கடலைக்கு இது உதவாது. இறைச்சியை இப்படி வைக்க வேண்டாம், சூடு குறைந்தால் கெட்டுவிடும். சிவப்பு போஞ்சி விதையாக இருந்தால் முதலில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் நன்றாகக் கொதித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றைப் பிடுங்கும்.

பழைய பொருள்களில் நான் அதிகம் நேசிப்பது ஓர் இரும்புத் தாச்சியை. பழைய இரும்பு, போத்தல் வாங்குபவரின் சாக்குக்குள் துருப்பிடித்துக் கிடந்ததை எடை விலைக்கு வாங்கினேன். வாங்கும்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: விரல் கணுவால் தட்டிப் பார்ப்பது. மணி போல் ஒலித்தால் எடுக்கலாம். 'டப்' என்று அடங்கினால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. தும்பும் சாம்பலும் கொண்டு ஒரு மாலை முழுவதும் தேய்த்தேன். முதலில் செம்மண் நிறத்தில் நீர் வழிந்தது, பிறகு சாம்பல் நிறம், கடைசியில் இரும்பின் கருமை. அதை அடுப்பில் ஈரம் போகக் காய்ச்சி, துணியில் தொட்ட தேங்காய் எண்ணெயை மெல்லிதாகத் தடவி, புகை அடங்கும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி தடவி, இப்படி ஐந்து முறை செய்த பிறகு முட்டை ஒட்டாமல் வழுக்கியது. அந்தத் தாச்சியில்தான் ஞாயிறு காலை ரொட்டி. கோதுமை மாவில் தேங்காய்ப்பூ, உப்பு, பொடியாக வெட்டிய வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்துப் பிசைந்து, கையளவு தட்டிப் போட்டு, ஒரு பக்கம் புள்ளி விழுந்ததும் திருப்பி, அதன் மேல் அன்றைய முட்டையை உடைத்து ஊற்றிப் பரப்புவேன். மஞ்சள் கரு கடை முட்டையைவிட அடர்த்தியான நிறத்தில் இருக்கும். கோழி தின்ற பச்சை இலையின் நிறம் அது. கட்டைச் சம்பலும் சாயத்தண்ணியும் பக்கத்தில் இருந்தால், அந்த வீட்டில் பத்து மணி வரை யாரும் எதுவும் பேசுவதில்லை.

மகள் முதல் கோழிக்குப் பெயர் வைத்தபோது அம்மா எச்சரித்தார்: "பேரு வச்ச கோழிய திங்க முடியாது, பாத்துக்க." அது மெய்யானது. மூன்று வயதாகி முட்டை நின்ற கோழிகளில் பெயரில்லாதவற்றை மட்டுமே குழம்பாக்கியிருக்கிறோம். கிழட்டு ஊர்க்கோழியை அவசரப்பட்டுச் சமைத்தால் இரப்பரைச் சப்புவது போலிருக்கும். வறுத்த கறித்தூள், ரம்பை, இஞ்சி, மிளகு சேர்த்துப் பிரட்டி, கொறுக்காய்ப் புளி ஒரு துண்டு போட்டு, மெல்லிய தீயில் இரண்டரை மணித்தியாலம் வைத்து, கடைசியில்தான் கெட்டித் தேங்காய்ப் பால் ஊற்ற வேண்டும்.

பக்கத்து வீட்டு மாமியோடு எங்களுக்கு ஏற்பட்ட மனத்தாங்கலையும் மறைப்பதற்கில்லை. ஒரு மாலை நான் கூட்டைத் திறந்துவிட்டுப் பயிற்சிக் கொப்பி திருத்தப் போய்விட்டேன். கோழிகள் வேலிக்குக் கீழால் புகுந்து, மாமி இரண்டு நாளுக்கு முன் நட்ட லீக்ஸ் கன்றுகள் முழுவதையும் கிளறிப் போட்டுவிட்டன. "டீச்சரு, ஒங்க கோழிக்குப் பள்ளிக்கூடத்துல ஒன்னும் சொல்லிக் குடுக்கலயா?" என்று அவர் வேலியோரம் நின்று கேட்டார். சிரிப்பாகக் கேட்டாலும் கண் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அது ஆறாது என்று அம்மா சொன்னதால், மறுநாள் சந்தையில் கன்று வாங்கி, நானே குனிந்து அவர் பாத்தியில் நட்டுக் கொடுத்தேன். அதோடு ஒரு சாக்கு மக்கிய எருவும். வேலியின் அடியில் ஓர் அடி அகலத்துக்கு வலையை மண்ணில் படுக்க வைத்துப் புதைத்தேன். அதனால் எதிர்பாராத இன்னொரு நன்மையும் கிடைத்தது. தோண்டிக்கொண்டு வரும் கீரியும் அந்த வலையில் நின்றுவிடுகிறது. கோழி வலை என்று கடையில் தரும் பெரிய கண் வலை, கோழியை உள்ளே வைத்திருக்க மட்டுமே உதவும். கீரியும் இரவில் ஏறிவரும் மரநாயும் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. கூட்டுக்கு அரை அங்குலக் கண் உள்ள வலைதான் வேண்டும், கொக்கியும் ஒன்றுக்கு இரண்டாக வேண்டும்.

இதை எழுதும் இன்றைக்கு, பெயர் வைத்த அந்தக் கோழி அடையில் இருக்கிறது. மகள் பதினொரு முட்டைகளை எண்ணி வைத்தாள். ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று சொல்லி, நுனி ஒடிந்த தன் பழைய கவ்வாத்துக் கத்தியையும் ஒரு கரித்துண்டையும் புல்லுக்கு அடியில் அவர் செருகி வைத்திருக்கிறார். அறிவியல் ஆசிரியையான நான் அதை எடுக்கச் சொல்லவில்லை. ஏழாம் நாள் இரவில் கைவிளக்கை முட்டையின் அடியில் பிடித்துப் பார்த்தோம். ஒன்பதில் சிலந்தி வலை போல் சிவந்த நரம்புகள் ஓடின, இரண்டு வெறுமனே தெளிவாக இருந்தன. அந்த இரண்டையும் எடுத்துவிட்டோம், வைத்திருந்தால் அழுகி வெடிக்கும். கோழி நாளுக்கு ஒருமுறை மட்டும் இறங்கி, அவசரமாகத் தின்று, குடித்து, மண்ணில் புரண்டுவிட்டுத் திரும்பி ஏறுகிறது. இன்று பத்தொன்பதாம் நாள். பள்ளி விட்டு வந்தபோது அம்மா அடுப்படி மூலையில் குந்தியிருந்தார். ஒரு முட்டையைக் கோழியின் வயிற்றுக்கு அடியிலிருந்து மெதுவாக உருவி, காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, என்னைச் சத்தம் போட வேண்டாம் என்று கையால் காட்டினார். கூரையில் பரண் மேல் கிடந்த பழைய கொழுந்துக் கூடையை, குஞ்சுகளைக் கவிழ்க்க உதவும் என்று, தூசு தட்டிக் கழுவி இஸ்தோப்பில் காய வைத்திருந்தார்.